சிவப்பாகத் தெரிவதெல்லாம் செத்துப்போன கேலக்ஸியா?

நீங்கள் கேட்டது இது: தொலைதூரச் சிவப்பு கேலக்ஸிகளைப் பற்றி ஓரிடத்தில் 'நட்சத்திரப் பிறப்பு நின்றுபோனவை' என்று போட்டிருக்கிறது, இன்னோரிடத்தில் 'வருடத்துக்கு நூறு சூரியன் அளவுக்கு நட்சத்திரங்களைப் பெற்றுத் தள்ளுபவை' என்று இருக்கிறது, மூன்றாவது ஓரிடம் நடுவிலுள்ள கருந்துளைதான் பிறப்பை நிறுத்தியது என்கிறது, இதில் எதை நம்புவது? கூடவே, கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்தில் சிவப்பு என்றால் வயதானது என்று சொன்னார்களே என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் எது சரி என்ற கேள்விதான். ஆனால் உள்ளே இருப்பது வேறு: வெறும் நிறத்தை வைத்துக்கொண்டு ஒரு கேலக்ஸி உயிரோடு இருக்கிறதா, அதன் மையத்தில் என்ன நடக்கிறது என்று எவ்வளவு தூரம் சொல்ல முடியும்? அகச்சிவப்புப் படங்களில் கேலக்ஸிகளின் வெளிச்சத்தை அளக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான், இப்போது சென்னையில் பாடம் எடுக்கிறேன். சிமுலேஷன் என் துறை அல்ல, அதைத் தொடும் இடங்களில் அடக்கியே வாசிக்கிறேன்.

முதல் இரண்டு செய்திகளும் சரி. ஒரே பெயருக்குள் இரண்டு விதமான கேலக்ஸிகள் அடைபட்டுக் கிடக்கின்றன, அவ்வளவுதான். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரிந்தால் குழப்பத்தில் பாதி போய்விடும். 1990-களின் நடுவில் ஸ்டைடலும் அவருடைய குழுவினரும் தொலைதூர கேலக்ஸிகளை மொத்தமாகப் பிடிக்க ஒரு நல்ல உத்தியைக் கொண்டு வந்தார்கள். புற ஊதாவில் பளிச்சென்று இருந்து, ஹைட்ரஜன் வாயு வெளிச்சத்தை விழுங்கிவிடும் எல்லையான லைமன் விளிம்புக்குக் கீழே திடீரென மறைந்துபோகும் கேலக்ஸிகளைத் தேடினார்கள். அதில் சிக்கியவை எல்லாம் இளம் நட்சத்திரங்கள் நிறைந்த, தூசி குறைந்த, நீல நிற கேலக்ஸிகள். புற ஊதாவில் மங்கலாக இருப்பவை எத்தனை பெரியவையாக இருந்தாலும் அந்த வலையில் விழாது. 2003-ல் லைடனைச் சேர்ந்த பிராங்க்ஸ், அவருடன் வான் டோக்கம் முதலியவர்கள், சிலியில் உள்ள விஎல்டி தொலைநோக்கியால் நீண்ட நேரம் எடுத்த அகச்சிவப்புப் படங்களில் வேறொரு வலையை வீசினார்கள். 1.25 மைக்ரான் அருகிலுள்ள ஜே பட்டையில் மங்கலாகவும் 2.2 மைக்ரான் அருகிலுள்ள கே பட்டையில் பிரகாசமாகவும் இருப்பவை எவை என்று பார்த்தார்கள். இரண்டுக்கும் உள்ள ஒளியளவு (வானியலில் மங்கலானதற்குத்தான் பெரிய எண்) வித்தியாசம் 2.3-க்கு மேல் இருந்தால் அது தொலைதூரச் சிவப்பு கேலக்ஸி. வரையறை என்று பார்த்தால் இவ்வளவுதான், ஒரே ஒரு கழித்தல் கணக்கு. வயது, தூசி, கருந்துளை எதுவும் அந்த வரையறைக்குள் கிடையாது.

இந்தக் கழித்தல் ஏன் வேலை செய்கிறது? இளம் நீல நட்சத்திரங்கள் தீர்ந்துபோன ஒரு கூட்டத்தின் நிறமாலையில் 4000 ஆங்ஸ்ட்ராம் அருகே ஒரு படி இறக்கம் இருக்கும், நீலப் பக்கம் வெளிச்சம் சட்டென்று விழுந்துவிடும். பிரபஞ்சம் விரிவதால் தொலைதூர வெளிச்சத்தின் அலைநீளம் நீள்வதைத்தான் செம்பெயர்ச்சி என்கிறோம். அது 2.5 என்றால் அலைநீளம் எல்லாம் மூன்றரை மடங்காக நீள்கிறது, அந்தப் படி 1.4 மைக்ரானுக்கு, அதாவது ஜேவுக்கும் கேவுக்கும் இடையில் வந்து உட்காருகிறது. ஆகவே இந்த நிறம் கொண்ட கேலக்ஸிகள் பெரும்பாலும் செம்பெயர்ச்சி 2 முதல் 3 வரை உள்ளவை. பிரபஞ்சத்துக்கு 210 கோடி முதல் 330 கோடி வயது ஆகியிருந்த காலம். இன்றைய வயது 1,380 கோடி. இதனால்தான் 'தொலைவில் இருப்பதால்தானே சிவப்பு' என்ற பதில் அரைகுறையாக நிற்கிறது. அதே தூரத்தில் இருக்கும் நீல கேலக்ஸிக்கும் அதே செம்பெயர்ச்சிதான், ஆனாலும் அது இந்த 2.3 என்ற வரம்பைத் தாண்டாது. தூரம் அந்தப் படியைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்பதை மட்டும்தான் தீர்மானிக்கிறது.

இப்போது தூசி. மெரினாவில் உதிக்கும் சூரியன் சிவந்திருப்பது அது வயதானதால் அல்ல, நடுவில் இருக்கும் காற்று நீலத்தை அதிகமாகச் சிதறடித்துவிடுவதால். கேலக்ஸிக்குள் இருக்கும் தூசியும் நீலத்தையும் புற ஊதாவையும்தான் அதிகம் தடுக்கிறது. ஆக, நூற்றுக்கணக்கில் புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் ஒரு கேலக்ஸி, தூசி மூடியிருந்தால், கிழடுதட்டிய கேலக்ஸியைப் போலவே ஜே, கே படங்களில் தெரியும். கோளரங்கத்தில் சொன்னது தப்பில்லை, நம் அருகிலுள்ள நீள்வட்ட கேலக்ஸிகளுக்கு அது நன்றாகவே பொருந்தும். 1,100 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய, வாயுவும் தூசியும் நிரம்பிய ஒரு காலத்துக்கு அதை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது.

இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்பதில் ஓரளவு உறுதியான வழி இருக்கிறது. வயதினால் வரும் சிவப்பு ஒரு படி இறக்கம், அதைத் தாண்டிவிட்டால் நிறமாலை ஏறத்தாழ சமதளமாகிவிடும். தூசியினால் வரும் சிவப்பு ஒரு நீண்ட சாய்வு, எவ்வளவு தூரம் அகச்சிவப்புக்குள் போனாலும் வெளிச்சம் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு நிறத்தோடு நிறுத்தாமல் இரண்டாவது, நீண்ட அலைநீள நிறம் ஒன்றையும் சேர்த்து வரைபடம் போட்டால் இரு கூட்டமும் விலகி நிற்கும். 2003-ல் ஸ்பிட்சர் தொலைநோக்கி மேலே போனதும், 2005-ல் லாபே குழுவினர் அதைக் கொண்டு செய்தது இதைத்தான். இன்று யூ (புற ஊதா ஓரம்), வி (கண்ணுக்குத் தெரியும் ஒளி), ஜே (அகச்சிவப்பு) என்ற மூன்று பட்டைகளை கேலக்ஸியின் சொந்தச் சட்டத்துக்கு, அதாவது வெளிச்சம் புறப்பட்டபோது இருந்த அலைநீளத்துக்கு, மாற்றிப் போடும் வரைபடம் எல்லாரும் பயன்படுத்தும் ஒன்றாகிவிட்டது. எல்லைக்கோட்டுக்கு அருகில் நிற்பவை எந்தப் பக்கம் என்று மட்டும் பந்தயம் கட்டாதீர்கள், அங்கே அளவீட்டுப் பிழையே கோட்டைத் தாண்டும் அளவுக்கு இருக்கும்.

நிறத்தைவிட நல்ல சாட்சி நிறமாலைக் கோடுகள். மாரிஸ்கா கிரீக் தலைமையிலான குழு சிலியிலுள்ள ஜெமினி தெற்குத் தொலைநோக்கியில் ஜிஎன்ஐஆர்எஸ் என்ற அகச்சிவப்பு நிறமாலைக் கருவியை வைத்து, செம்பெயர்ச்சி 2.3 சுற்றியுள்ள, கே பட்டையில் பிரகாசமான 20 கேலக்ஸிகளைப் பார்த்தது. இளம் நட்சத்திரங்கள் இருந்தால் ஹைட்ரஜன் ஆல்பா கோடு ஒளிர வேண்டும். 9 கேலக்ஸிகளில் அந்தக் கோட்டின் சுவடே இல்லை. 2006-ல் வந்த இந்த முடிவு அப்போது கொஞ்சம் அதிர்ச்சிதான், அவ்வளவு சீக்கிரமே இவ்வளவு பெரிய கேலக்ஸிகள் ஓய்ந்துவிட்டிருக்கும் என்று பலர் எதிர்பார்க்கவில்லை. ஓய்ந்தவை ஏறத்தாழ பாதி, இயங்குபவை பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் படித்த இரண்டு கட்டுரைகளும் ஆளுக்கொரு பாதியைப் பற்றிப் பேசியிருக்கின்றன.

அடுத்து மையக் கருந்துளை. இந்த கேலக்ஸிகளில் கணிசமான பகுதியின் நடுவே இரை விழுங்கும் கருந்துளை இருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. ஆரம்பகால ஆய்வுகளில் பெரிய நிறை கொண்டவற்றில் ஐந்தில் ஒன்று, நான்கில் ஒன்று என்ற அளவில் வந்தது. ஆனால் இந்த விகிதத்தை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். எதைக் கொண்டு தேடினோம் என்பதைப் பொறுத்து அது மாறும். மிக நம்பகமானது எக்ஸ் கதிர், அதில் முதலிடம் 1999-ல் ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கிக்கு. (ஆமாம், அதற்குப் பெயர் தந்தவர் நம் மாநிலக் கல்லூரியில் படித்த அதே சந்திரசேகர்தான்.) இங்கே செம்பெயர்ச்சி நமக்கு உதவியே செய்கிறது. செம்பெயர்ச்சி 2.5-ல் உள்ள கேலக்ஸியிலிருந்து 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டாக நமக்கு வந்து சேரும் கதிர், புறப்படும்போது 28. அவ்வளவு ஆற்றல் உள்ள கதிர் சாதாரணத் தூசி, வாயுவை எல்லாம் துளைத்துக்கொண்டு வந்துவிடும். அதையும் அடைத்துவிடும் அளவுக்குக் கனமான வாயுப் போர்வைக்குள் இருக்கும் கருந்துளைகளும் உண்டு, அவை சந்திராவுக்கும் தெரியாது. எதிர்ப்பக்கம் இன்னொரு தொல்லை: நட்சத்திரப் பிறப்பு மும்முரமாக இருந்தால் அதில் உருவாகும் இரட்டை நட்சத்திரங்களே எக்ஸ் கதிர் வீசும். மிகப் பிரகாசமானதாக இருந்தால் கருந்துளை என்று துணிந்து சொல்லலாம், மங்கலாக இருந்தால் நிதானிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல், நட்சத்திரப் பிறப்பை அளக்க நாம் வைத்திருக்கும் கருவிகளையே கருந்துளையும் ஏமாற்ற முடியும் என்பது. என் வேலையின் பெரும்பகுதி நேரம் இதில்தான் போனது, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தூசி தான் விழுங்கிய புற ஊதா வெளிச்சத்தைச் சும்மா வைத்திருக்காது, சூடாகி அகச்சிவப்பில் திருப்பிக் கொடுத்துவிடும். அதை அளந்தால் மறைந்திருக்கும் பிறப்பு விகிதம் கிடைக்கும் என்பது அடிப்படை யோசனை. ஸ்பிட்சரில் 24 மைக்ரான் படங்கள் நல்ல கூர்மையோடு கிடைத்தன, எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் செம்பெயர்ச்சி 2-ல் 24 மைக்ரான் என்றால் கேலக்ஸியின் சொந்தச் சட்டத்தில் 8 மைக்ரான். அங்கே தெரிவது இரண்டு வகையாக இருக்கலாம். நட்சத்திரப் பிறப்புப் பகுதிகளில் இருக்கும் கரிம மூலக்கூறுகள் 7.7 மைக்ரானில் ஒளிர்வது ஒன்று, கருந்துளையை ஒட்டி ஆயிரம் டிகிரி வரை கொதிக்கும் தூசியின் வெளிச்சம் இன்னொன்று. ஒரே ஒரு பட்டையின் அளவை வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிக்கவே முடியாது. எனவே, கருந்துளையின் சூட்டை நட்சத்திரக் கணக்கில் எழுதிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு.

2007 வாக்கில் பல கேலக்ஸிகளில் 24 மைக்ரான் அளவு, மற்ற முறைகள் காட்டும் பிறப்பு விகிதத்தைவிட அதிகமாக வருகிறது என்று கவனித்தார்கள். அந்த அதிகப்படி எல்லாம் எக்ஸ் கதிரிலும் தெரியாமல் புதைந்திருக்கும் கருந்துளைகளின் கைவரிசை என்று ஒரு விளக்கம் வந்தது. கேட்கக் கவர்ச்சியாக இருந்தது, எங்கள் வட்டாரத்திலும் அதைப் பற்றி நிறையப் பேசினோம். அப்புறம் 2009-ல் ஹெர்ஷல் தொலைநோக்கி போனது, 100 மைக்ரானுக்கு மேலே நேரடியாக அளந்தது. குளிர்ந்த தூசி தன் வெளிச்சத்தின் பெரும்பகுதியை வீசும் இடம் அதுதான். 24 மைக்ரானிலிருந்து கணக்கிட்ட விகிதங்கள் மிகப் பிரகாசமான கேலக்ஸிகளுக்குச் சில மடங்கு கூடுதலாக இருந்தது தெரிந்தது. அதில் பெரும்பங்கு கருந்துளையால் அல்ல, அருகிலுள்ள கேலக்ஸிகளின் மாதிரி நிறமாலையைத் தொலைவிலுள்ளவற்றின் மேல் போட்டதால் வந்த கோளாறு. புதைந்த கருந்துளைகள் இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை, அவை இருக்கின்றன. அந்த அதிகப்படி முழுவதற்கும் அவை பொறுப்பல்ல, அவ்வளவுதான். 2010-க்கு முன் வந்த கட்டுரையில் 24 மைக்ரானை மட்டும் நம்பி 'வருடத்துக்கு 500 சூரியன், 1,000 சூரியன்' என்று ஒரு எண் பார்த்தால் கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள். நூறு, இருநூறு என்ற எண்கள் எனக்கு ஆச்சரியம் தருவதில்லை. அந்தக் காலத்தில் ஒரே நிறையுள்ள கேலக்ஸிகளின் பிறப்பு விகிதம் இன்றைக்குள்ளதைப் போல இருபது மடங்கு அளவில் இருந்தது, நம் பால்வெளி இன்று வருடத்துக்கு ஒன்றிரண்டு சூரியனோடு நிற்கிறது.

நிறமாலைக் கோடுகளிலும் இதே கண்ணாமூச்சி உண்டு. ஹைட்ரஜன் ஆல்பா கோட்டை நட்சத்திரமும் எழுப்பும், கருந்துளையும் எழுப்பும். நைட்ரஜன், ஆக்சிஜன் கோடுகளோடு ஒப்பிட்டு யார் எழுப்பியது என்று சொல்ல 1981-ல் பால்ட்வின், பிலிப்ஸ், டெர்லெவிச் மூவரும் ஒரு வரைபடம் தந்தார்கள், இன்றும் அதுதான் எங்கள் அன்றாட ஆயுதம். ஆனால் அதிலுள்ள கோடு அருகிலுள்ள கேலக்ஸிகளைப் பார்த்துப் போட்டது. தொலைவில் வாயுவின் தன்மையே வேறு, கருந்துளை இல்லாத கேலக்ஸிகளே அந்தக் கோட்டை நோக்கி நகர்ந்து நிற்கின்றன. அதனால் ஒரே ஒரு சாட்சியை வைத்து 'இங்கே கருந்துளை விழித்திருக்கிறது' என்று எழுதுபவரைவிட, எக்ஸ் கதிர், கோடுகள், நடு அகச்சிவப்பு நிறம் என்று இரண்டு மூன்றையாவது சேர்த்துப் பார்ப்பவரை நம்புங்கள்.

சரி, கொன்றது கருந்துளையா? ஆற்றலைக் கணக்கிட்டால் கொல்ல முடியும் என்பது உறுதி. பத்து கோடி சூரியன் நிறையுள்ள ஒரு கருந்துளை வளரும்போது, விழுந்த பொருளில் பத்து சதவீதம் ஆற்றலாக வெளியேறியது என்று வைத்துக்கொண்டால், பத்தாயிரம் கோடி சூரியன் நிறையுள்ள ஒரு கேலக்ஸியைக் கட்டி வைத்திருக்கும் ஈர்ப்பு ஆற்றலைப் போல அது நூறு மடங்குக்கும் மேல் வரும். அதில் ஒரு சிறு பங்கு வாயுவின் மேல் பட்டாலே போதும். நட்சத்திரப் பிறப்பும் கருந்துளை வளர்ச்சியும் பிரபஞ்ச வரலாற்றில் ஏறத்தாழ ஒரே காலத்தில், செம்பெயர்ச்சி 2-ஐ ஒட்டி, உச்சம் தொட்டதும் உறுதி. ஆனால் இரண்டும் ஒன்றாக உயர்ந்தன என்பதற்கு, இரண்டும் ஒரே வாயுவைத் தின்றன என்பதே போதுமான காரணம். ஒன்று மற்றதைக் கொன்றது என்று நிரூபிக்க அது போதாது. முடியும் என்பதற்கும் செய்தது என்பதற்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியைத்தான் பிரபலக் கட்டுரைகள் ஒரே தாவலில் தாண்டிவிடுகின்றன.

கால அளவும் இங்கே குழப்புகிறது. கருந்துளையின் பிரகாசம் சுமார் ஒரு லட்சம் ஆண்டு என்ற கணக்கில் ஏறி இறங்கலாம் என்று கருதப்படுகிறது. நட்சத்திரப் பிறப்பை அளக்கும் முறைகளோ ஒரு கோடி முதல் பத்து கோடி ஆண்டு வரைக்குமான சராசரியைத்தான் காட்டும். ஆகவே இன்று கருந்துளை அணைந்திருக்கும் ஒரு கேலக்ஸியில் அது போன வாரம், அதாவது வானியல் போன வாரம், வெறியாட்டம் ஆடியிருக்கலாம். இன்று எரிந்துகொண்டிருக்கும் கருந்துளை அங்கே பிறப்பு நின்றதற்குக் காரணமாக இல்லாமலும் இருக்கலாம், பிறப்பு எப்போதோ நின்று, மிச்ச வாயுவை அது இப்போது கொறித்துக்கொண்டிருக்கலாம். 'கருந்துளை விழித்திருக்கும் கேலக்ஸிகளிலும் பிறப்பு நடக்கிறதே, அப்படியானால் கொலைக் கதை பொய்தானே' என்று உங்கள் கேள்வியின் கீழே ஒருவர் வாதாடியிருந்தார். அந்த வாதம் நிற்காது என்பதற்கும் இதுவே காரணம். இரண்டும் ஒரே படத்தில் இருப்பது எந்தப் பக்கத்துக்கும் சாட்சி இல்லை.

நேரடிச் சாட்சி என்று சொல்லத்தக்கது இப்போதுதான், ஜேம்ஸ் வெப் வந்த பிறகு, சேர ஆரம்பித்திருக்கிறது. ஒன்று, 2024-ல் வெளிவந்த 'பாப்லோவின் கேலக்ஸி', செம்பெயர்ச்சி 3.06, நிறை பத்தாயிரம் கோடி சூரியனுக்கு மேல். அதில் நட்சத்திரப் பிறப்பு பெரும்பாலும் நின்றுவிட்டது, நடுவில் கருந்துளை விழித்திருக்கிறது, குளிர்ந்த வாயு நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் என்ற அளவில் வெளியேறிக்கொண்டிருக்கிறது. அந்த வாயு சோடியம் கோடு உறிஞ்சப்படுவதை வைத்துக் கண்டுபிடிக்கப்பட்டது. வெளியேறும் வாயுவின் அளவு, மிஞ்சியிருக்கும் நட்சத்திரப் பிறப்புக்குச் செலவாவதைவிட அதிகம். நட்சத்திரப் பிறப்புக்கான எரிபொருள் வெளியே போவது கையும் களவுமாகப் பிடிபட்டிருக்கிறது, அந்த வேகத்தைக் கொடுக்க அங்கே மிஞ்சியிருக்கும் நட்சத்திரங்களுக்குத் திராணி இல்லை. இதை நான் வலுவான சாட்சியாகவே எடுத்துக்கொள்கிறேன். இன்னொன்று ஜிஎஸ்-9209, செம்பெயர்ச்சி 4.66, 2023-ல் ஆடம் கார்னல் தலைமையிலான குழு வெளியிட்டது. பிரபஞ்சத்துக்கு 125 கோடி வயதிருக்கும்போதே சுமார் 4,000 கோடி சூரியன் நிறையைச் சேர்த்து முடித்து ஓய்ந்துவிட்டது, நடுவில் ஏறத்தாழ 50 கோடி சூரியன் நிறையுள்ள கருந்துளை. அந்தக் கேலக்ஸியின் நிறைக்கு இது வழக்கத்தைவிடக் கொழுத்த கருந்துளை, ஆகவே வளரும்போது அது சும்மா இருந்திருக்காது என்று சந்தேகிக்க நியாயம் இருக்கிறது. சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. இப்படி ஒன்றிரண்டு கேலக்ஸிகளில் தெரிவது எல்லாவற்றுக்கும் பொருந்துமா, வாயு உள்ளே வருவதே நின்றுபோவது, கேலக்ஸிகள் மோதுவது போன்ற மற்ற காரணங்களுக்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒப்புதல் இல்லை. சிமுலேஷன்களில் கருந்துளை இல்லாமல் பெரிய கேலக்ஸிகளை ஓயவைப்பது கடினம் என்பது உண்மை. ஆனால் அவற்றுக்குள் கருந்துளை வேலை செய்யும் விதத்தை மனிதர்கள்தான் எழுதி வைக்கிறார்கள், அதனால் அதைத் தனிச் சாட்சியாக எண்ண எனக்குக் கொஞ்சம் தயக்கம்.

ஒரு எச்சரிக்கை. ஜேம்ஸ் வெப் செய்திகளில் 'சின்னச் சிவப்புப் புள்ளிகள்' என்று ஒரு பெயர் அடிபடுகிறது. அவை இவை அல்ல. அவை இன்னும் முந்தைய காலத்தவை, மிகச் சிறியவை, அகன்ற ஹைட்ரஜன் கோடுகளைக் காட்டியும் எக்ஸ் கதிரில் பெரும்பாலும் தெரியாதவை. அவற்றின் சிவப்புக்குத் தூசியோ வயதோ இல்லாமல், கருந்துளையைச் சுற்றிய அடர்ந்த வாயுவே காரணமாக இருக்கலாம் என்ற விவாதம் இப்போது சூடாக நடக்கிறது. அங்கே எதையும் உறுதியாகச் சொல்ல இன்னும் காலம் வரவில்லை, இரண்டையும் ஒரே கட்டுரையில் கலந்து எழுதுபவர்களிடம் கொஞ்சம் எட்டியே நில்லுங்கள்.

கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கு இதை எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. பெரிய தொலைநோக்கி நேரம் எதுவும் தேவையில்லை. ஹபிள் தொலைநோக்கியால் செய்த 3டி-எச்எஸ்டி ஆய்வின் பட்டியல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, செம்பெயர்ச்சியும் சொந்தச் சட்ட நிறங்களும் கணக்கிட்டே வைத்திருக்கிறார்கள். சந்திராவின் ஆழமான தெற்கு வயல் எக்ஸ் கதிர்ப் பட்டியலும் பொதுவில் இருக்கிறது. அந்த வயலை மட்டும் எடுத்துக்கொண்டு, செம்பெயர்ச்சி 2 முதல் 3 வரை உள்ள பெரிய கேலக்ஸிகளை யூ, வி, ஜே வரைபடத்தில் ஓய்ந்தவை, தூசி மூடியவை என்று பிரித்து, ஒவ்வொரு பக்கத்திலும் எத்தனைக்கு எக்ஸ் கதிர் இருக்கிறது என்று எண்ணுங்கள். தனித்தனியாகத் தெரியாதவற்றின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டிப் பார்க்கும் முறையையும் கற்றுக்கொள்ளுங்கள், மங்கலான கருந்துளைகள் அதில்தான் தலைகாட்டும். நிறையைச் சமமாக வைத்து ஒப்பிட மறக்காதீர்கள். பெரிய கேலக்ஸியில் கருந்துளையும் பெரிதாகவே இருக்கும், அதைக் கவனிக்காமல் விட்டால் நிறைக்கான வித்தியாசத்தை ஓய்வுக்கான வித்தியாசம் என்று எழுதிவிடுவீர்கள். மாதிரி எண்ணிக்கை குறைவாகத்தான் வரும், பிழை வரம்புகளையும் சேர்த்தே போடுங்கள், வைவாவில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.